பூக்க மறந்த மல்லிகை

“அக்கா, இந்த மல்லிகைச் செடியை வேரோடு எடுத்துவிடலாம் என்று எண்ணுகிறேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு பூக்கூட இல்லை. நீங்கள் சரியென்று சொன்னால் நாளைக்கே ஆள் வைத்து எடுத்துவிடுவேன்.”

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரத்தில், என் சித்தியின் மகள் தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். பெரம்பலூர்ப் பக்கத்தில் பிறந்து, அரியலூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் சவூதி அரேபியாவின் தென்கோடியிலுள்ள ஜிஸானில் பணியாற்றி வந்தார். வீட்டில் அவளும் இரண்டு பெண் மக்களும்தாம். மாமி வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பூக்காத செடிக்காக ஒருத்தி இத்தனை கலங்குவாளா என்று எனக்கு வியப்பாக இருந்தது. சற்றுப் பேசவிட்டபோதுதான் மெய்யான செய்தி வெளிவந்தது. அந்தச் செடி, மாமி தம் கையால் பதியம் போட்டு வளர்த்தது. அந்தத் தெருவில் நிக்காஹ் நடந்தால் மணப்பெண்ணுக்கு முதற்சரம் அதிலிருந்துதான் போகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் பேசும்போது கணவர், “அம்மா வைத்த மல்லி எப்படி இருக்கிறது?” என்று கேட்பாராம். இவள், “நன்றாகப் பூக்கிறது” என்று சொல்லிவிடுவாளாம். முதல் முறை, கடல் கடந்து இருப்பவரின் மனம் வாட வேண்டாமே என்று வந்த சொல். அதன்பின் மாற்றிச் சொல்ல நா எழவில்லை. பங்குனியில் அவர் விடுப்பில் வருகிறார். செடியே இல்லையென்றால், பட்டுப்போயிற்று என்று கூறிவிடலாம். பூக்காத செடி நின்றுகொண்டிருந்தால், சொன்ன பொய்யும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும் அல்லவா? அதற்காகத்தான் பிடுங்கும் யோசனை.

“பிடுங்காதே. நான் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே பேருந்து ஏறினேன்.

சகோதரிகளே! நம் இல்லங்களில் செடி வைக்காதவர் அரிது. முற்றத்தில் ஒரு மல்லிகை, கொல்லையில் மருதாணி, மாடிப்படியருகே நாலு தொட்டி ரோஜா என்று ஏதேனும் இருக்கும். வாங்கி வந்த ஆண்டில் அவை பூத்துக் குலுங்கும். அடுத்த ஆண்டு பாதியாகும். மூன்றாம் ஆண்டில் வெறும் இலைதான். உடனே, “கண்ணேறு பட்டுவிட்டது” என்பார் ஒருவர். “எனக்குக் கைராசி இல்லை” என்பார் இன்னொருவர். செடியோ ஒரு குறையும் இல்லாதது போலப் பச்சைப்பசேல் என்று நிற்கும். அதனைப் பழையபடி பூக்க வைப்பதைப் பற்றி, இந்த ஒரு மல்லிகையை முன்வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

முற்றத்தில் கண்டது

செடி ஆளுயரத்தையும் தாண்டி, சுவரின்மேல் கொடியாகப் படர்ந்திருந்தது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி உள்ளே வெளிச்சமே புகவில்லை. மாமி இருந்தவரை ஆண்டுதோறும் அரிவாளால் வெட்டிவிடுவாராம். அவர் மறைந்த பின், அவர் வளர்த்த செடியில் கை வைக்க இவளுக்கு மனம் வரவில்லை. “வெட்டினால் பாவம் போல இருந்தது அக்கா” என்றாள்.

அடிப்பகுதியைப் பார்த்தேன். முற்றம் முழுவதும் புதிதாகச் சிமெண்ட் பூசப்பட்டிருந்தது. தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலமே மண் தெரிந்தது. பூச்சு வேலையில் மிஞ்சிய கலவையைக் கொத்தனார் அந்தக் குழியிலேயே கொட்டி மூடியிருந்தார். ஒளு செய்யும் குழாயின் நீர் ஒரு சிறு வாய்க்கால் வழியாக நேரே அதே குழிக்கு வந்தது. ஐவேளைத் தொழுகைக்கு மூன்று பேர் ஒளு செய்தால் எவ்வளவு நீர் சேரும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய முக்கால் லிட்டர் கொள்ளும் ஒரு முத்து அளவு நீரில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒளுவை நிறைவு செய்தார்கள் என்பது நாம் அறிந்ததே. நாமோ குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச்சையும் திறந்து வைத்துக்கொள்கிறோம்! சவர்க்காரம் கலவாத நல்ல நீர்தான், செடிக்கு ஏற்றதுதான். ஆனால் அன்றாடம் இரண்டு, மூன்று வாளி நீரில் அதன் வேர் ஊறிக்கிடந்தது.

இவை போதாவென்று, மாதம் ஒரு பிடி யூரியா வேறு. “பூக்கவில்லையே என்று உரம் போட்டேன்” என்றாள். யூரியா தழைச்சத்து. தழைச்சத்து மிகுந்தால் செடி இலையும் தண்டுமாகவே வளரும். மொட்டு வைக்கும் எண்ணம் அதற்கு வராது. வயிறு நிறைந்த பிள்ளை பாடம் படிக்காமல் உறங்கிவிடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு மல்லிகைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் உரக் கணக்கு என்ன தெரியுமா? செடி ஒன்றுக்கு ஓராண்டில் தழைச்சத்து 60 கிராம்; மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஒவ்வொன்றும் 120 கிராம். தழைச்சத்தைப்போல இரு மடங்கு மற்ற இரண்டும் வேண்டும். இவளோ தழைச்சத்தை மட்டுமே ஊட்டி வந்திருக்கிறாள்.

ஆனால் என் கண்ணை முதலில் ஈர்த்தது வேறொன்று. கிளை நுனியிலிருந்த இளந்தளிர்கள் வெளிறிப்போய் மஞ்சளாக இருந்தன. நரம்புகள் மட்டும் வலை பின்னியது போலப் பச்சையாகத் தெரிந்தன. அடியிலிருந்த முதிர்ந்த இலைகளில் இக்குறை இல்லை. செடி வளர்க்கத் தொடங்குவோர் இந்த அடையாளத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடி இலைகள் முழுவதுமாக மஞ்சளித்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. இளந்தளிர் வெளிறி, நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. இரண்டையும் ஒன்றென எண்ணி யூரியாவைக் கொட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

கடல் இருந்த மண்

இரும்புக் குறை அந்த வீட்டிற்கு மட்டும் வந்த நோய் அன்று. அதற்கு அரியலூர் மண்ணின் பழங்கதையைச் சிறிது அறிய வேண்டும்.

பெரம்பலூரும் அரியலூரும் முன்பு திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. பின்னர் 2007 நவம்பரில் அரியலூர் அதனின்றும் பிரிந்தது. இவற்றின் ஒரு பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடியில் இருந்தது. சிப்பியும் நத்தையும் கடல் உயிர்களின் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாக இறுகின. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் இத்தனை எழுந்ததற்குக் காரணம் இந்தக் கல்லே. காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் நடந்தால் இன்றும் சுருள் சுருளான கல் நத்தைகள் காலில் தட்டுப்படும். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்திற்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அவர்கள் கண்டறிந்து வெளியுலகிற்குச் சொன்னது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மரம் ஊசியிலை வகையைச் சேர்ந்தது; பூக்கும் இனமே அன்று. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டிய இடம்.

இந்தச் சுண்ணாம்புதான் நம் மல்லிகையின் எதிரி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் என்றால், பெரம்பலூர்க் கரிசலில் சுக்கான். மக்காச்சோளமும் பருத்தியும் இதில் செழிக்கும். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சற்றே புளித்த மண்தான் உகந்தது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த களர்த்தன்மையில் அது கரையாமல் பூட்டிக்கொள்கிறது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. மணிச்சத்துக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்பு நீர். எங்கள் உறவுக்காரியின் வீட்டிலோ கொத்தனார் வைத்த சிமெண்ட் கலவை எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. உலர்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து, அதன்மேல் சமையல் வினிகரைச் சில துளிகள் விடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி. அன்று அந்த முற்றத்து மண்ணில் விட்டபோது, சோடாப் புட்டியைத் திறந்தது போலப் பொங்கியது. அவளுடைய சின்ன மகள் அதை மறுபடி மறுபடி செய்யச் சொல்லி, வினிகர்ப் புட்டியைத் தீர்த்துவிட்டாள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் செடி பூக்கும் என்று எங்கும் எழுதுகிறார்கள். முட்டை ஓடு என்பது சுண்ணாம்புதான். அதை அரியலூர் மண்ணில் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. அடுப்புச் சாம்பலும் களர்த்தன்மையைக் கூட்டும். எலும்புத்தூள் புளித்த மண்ணில் கரைவது போல இங்கே கரையாது. துருப்பிடித்த ஆணிகளைப் புதைப்பதும் வீண்; துரு இம்மண்ணில் கரைவதில்லை. வெளியூரில் பலித்த வைத்தியமெல்லாம் நம் ஊரில் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஐயம் இருந்தால், பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்தார் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களில் கேட்டு அறியலாம்.

வெட்டுவதற்கு மனம் வேண்டும்

கார்த்திகை பிறந்து, நவம்பர் கடைசி வாரத்தில் மழை சற்று ஓய்ந்திருந்தபோது மீண்டும் சென்றேன். குண்டு மல்லிகையைக் கவாத்து செய்ய அதுவே உரிய காலம். இடைப்பட்ட நாட்களில் சொல்லியபடி ஒளு நீரை வேறு பக்கம் திருப்பியிருந்தாள், யூரியாவை நிறுத்தியிருந்தாள், தண்டைச் சுற்றி இரண்டடி அகலத்திற்குச் சிமெண்ட் பூச்சை உடைத்து, கலவைக் கட்டிகளை வாரி எறிந்திருந்தாள். கவாத்துக்கு முன்பு பத்துப் பதினைந்து நாள் நீரை நிறுத்திச் செடியைச் சற்று வாட விடுவது முறை. வானத்து மழையை நிறுத்த நம்மால் இயலாது, வாய்க்காலையாவது நிறுத்தலாமே!

மல்லிகை, புதிதாக விடும் கிளைகளின் நுனியிலேதான் பூக்கும். முதிர்ந்த கிளைகள் எவ்வளவு நீண்டாலும் பயனில்லை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ‘ஆக்சின்’ என்ற ஒரு பொருள் ஊறிக் கீழ்நோக்கி இறங்குகிறது. கணுக்களில் உறங்கும் பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைப்பது அதுவே. திமான், ஸ்கூக் என்ற இரு அறிஞர்கள் 1933-இல் அமெரிக்காவில் இதனை நிறுவினார்கள். நுனியை வெட்டிவிட்டால் அடக்குமுறை நீங்கும். உறங்கிய கணுக்கள் ஒன்று நான்காகத் துளிர்க்கும். மாமியின் அரிவாள் ஆண்டுதோறும் செய்த வேலை இதுதான்.

தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் உயரம் விட்டு, அதற்கு மேலுள்ள அனைத்தையும் வெட்ட வேண்டும். எஞ்சிய தண்டுகளில் காய்ந்தவை, நோயுற்றவை, உள்நோக்கி வளர்ந்தவை ஆகியவற்றையும் அடியோடு நீக்கி, இலைகளையும் உருவிவிட வேண்டும். கத்தரியைக் கையில் கொடுத்தேன். வாங்கினாள், வெட்டவில்லை. சிறிது நேரம் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “மாமி இருந்தால் என்ன சொல்வார்கள்?” என்றாள். “ஏன் இவ்வளவு நாள் வெட்டவில்லை என்று கேட்பார்கள்” என்றேன். முதற்கிளையை வெட்டியபோது அவள் கண்ணில் நீர் வந்தது உண்மை. அரை மணி நேரத்தில் சுவரைப் போர்த்தியிருந்த பச்சை முழுவதும் தரையில் குவிந்துவிட்டது. மிஞ்சியவை விரல் பருமனில் பத்துப் பன்னிரண்டு மொட்டைக் குச்சிகள். மாலையில் பள்ளி விட்டு வந்த மூத்த மகள் அதைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டாள். தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெட்டிய பின் மண்ணைக் கொத்தி, நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட், சிறிது பொட்டாஷ் கலந்து போட்டு மூடினோம். மணிச்சத்தைத் தனியே தூவாமல் தொழு உரத்துடன் கலந்து இடுவது நம் சுண்ணாம்பு மண்ணுக்கு நல்லது. மக்கிய உரம் சுண்ணாம்பின் பிடியைத் தளர்த்தும். இதே அளவை ஆனி, ஆடி மாதங்களில் மீண்டும் ஒருமுறை இட வேண்டும்.

மார்கழியில் துளிர் விட்டது. ஆனால் தளிர் மறுபடியும் வெளிறியே இருந்தது. இதை எதிர்பார்த்திருந்தேன். மண்ணின் குணம் ஒரு மாதத்தில் மாறாது. வேர் வழியாகக் கிடைக்காததை இலை வழியாகக் கொடுக்க வேண்டியதுதான். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டாலே கொடுப்பார்கள்; உரக் கடையில் பெரஸ் சல்பேட் என்பார்கள். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம். குழாய் நீரின் சுண்ணாம்பு இரும்பை மீண்டும் பிடித்துக்கொள்ளும் ஆதலால், சேமித்த மழைநீரில் கரைப்பது மேல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். மாதம் ஒரு முறை, தளிர் பச்சையாகும் வரை தெளித்தால் போதும். நல்ல புடவையோடு நின்று தெளிக்காதீர்கள். துணியிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை படியும், எளிதில் போகாது. அவள் வீட்டுச் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

மல்லிகைக் குடும்பத்தில் மற்றவற்றின் நாள் வேறு. ஜாதிமல்லி எனப்படும் பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு, ஒன்று பூத்தது, ஒன்று பூக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

மற்றச் செடிகள்

அவளுக்கு ஊக்கம் பிறந்துவிட்டது. அண்டை வீட்டுச் செடிகளுக்கும் என்னை வைத்தியராக்கிவிட்டாள்.

எதிர் வீட்டில் சாமந்தி. இலை நன்றாக இருக்கிறது, மொட்டே இல்லை. மூன்று நாள் யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. ஒருநாள் இஷாவுக்குப் பின் அந்தப் பக்கம் போனபோதுதான் புரிந்தது. தொட்டிக்கு நேர் மேலே, விடியும் வரை எரியும் குழல் விளக்கு. சாமந்தி, இரவு நீளும் காலத்தில்தான் மொட்டு வைக்கும். இரவில் வெளிச்சம் பட்டால், இன்னும் கோடைதான் என்று எண்ணி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். செடிகள் இப்படிப் பகல் இரவின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், ஆலார்டு என்ற இருவர் 1920-இல் வெளியிட்டனர். அவர்கள் தொடங்கியது, எவ்வளவு வளர்ந்தாலும் பூக்காத ஒரு புகையிலைச் செடியைப் பார்த்துத்தான்! தொட்டியைக் கொல்லைப்புற இருட்டுக்கு மாற்றினார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. சில வாரங்களில் மொட்டு வந்துவிட்டது.

இன்னொரு வீட்டில் காகிதப்பூ. அதற்கு வேளைக்கு வேளை நீர். பிரேசில் முதலான தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வந்த அந்தச் செடி, வறட்சி கண்டால்தான் வண்ணம் காட்டும். இலை சற்றுச் சோரும் வரை நீர் விடாதிருந்தால் போதும். பெரம்பலூர் வெயிலுக்கு அதைவிடத் தோதான செடி இல்லை. சுண்ணாம்பும் அதை அவ்வளவாக வருத்துவதில்லை.

ரோஜாவில் பலரும் செய்யும் தவறு, பூவை வாடும்வரை செடியிலேயே விட்டுவிடுவது. வாடிய பூ காயாகும். காய் வைத்த செடிக்கு மேலும் பூக்க வேண்டிய தேவை என்ன? பூவின் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைவரை வெட்டிவிட வேண்டும். ஆண்டுக் கவாத்து ஐப்பசி, கார்த்திகையில். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டினால் நீர் தங்காது. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது கிணற்று நீரின் சுண்ணாம்பு. மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து, செம்மண்ணும் மக்கிய உரமும் கலந்து போட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைத் தண்ணீரில் நனைய விடுங்கள்.

செம்பருத்தியில் மொட்டு வைத்து உதிர்ந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி இருக்கும். வேகமாக நீரை அடித்துக் கழுவிவிட்டு, சிறிது சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தால் அடங்கும்.

வெயில் இல்லாமல் இவை எவையும் பூக்கா. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் பயணப் பணத்தில் வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்து வருவதைப் பார்க்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பக்கத்து வீட்டு மாடி எழும்பிய ஆண்டோடு பூப்பதை நிறுத்திய மல்லிகைகள் அந்தத் தெருக்களில் உண்டு. நாளுக்கு ஆறு மணி நேர வெயில் கிட்டாத செடிக்கு எந்த உரமும் உதவாது. தொட்டியில் பதியம் எடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டு போவதே வழி.

பங்குனி

தை முடிவதற்குள் தளிர்கள் பச்சையாகிவிட்டன. மாசியில் குச்சிகள் தெரியாத அளவுக்குப் புதர் கட்டியது. ஆனால் மொட்டு இல்லை. இரவில் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, இன்னும் வரவில்லையே” என்பாள். “தண்ணீரைக் கூட்டிவிடாதே, வாரம் இரு முறை போதும்” என்பேன். உள்ளூர எனக்கும் அச்சந்தான். முதிர்ந்த செடி, இரண்டாண்டுப் புறக்கணிப்பு, பெரிய வெட்டு. சில செடிகள் அடுத்த ஆண்டுதான் தேறும்.

அதற்கிடையே ஒரு வெள்ளிக்கிழமை கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவர் அன்று ஜிஸான் கடைத்தெருவில் மல்லிகைச் சரம் விற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். அங்கே அதற்கு ‘ஃபுல்’ என்று பெயர். அப்பகுதியில் அதைப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். திருமணங்களில் பெண்கள் தலை கொள்ளாமல் சூடுகிறார்கள். நம் குண்டு மல்லிகையேதான். அதன் அறிவியற் பெயரிலுள்ள ‘சம்பக்’ என்ற சொல்கூட ‘ஸன்பக்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததே. “ஃபுல் வாசனை வரும்போதெல்லாம் நம் வீட்டு முற்றம் நினைவுக்கு வருகிறது” என்று அவர் சொன்னதும், இவளால் தாங்க முடியவில்லை. “இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. இப்போது வெட்டி விட்டிருக்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “எவ்வளவு உயரம் விட்டு வெட்டினாய்?” என்று கேட்டாராம். முழங்கால் உயரம் என்றாள். “அம்மாவும் அப்படித்தான் வெட்டுவார்கள்” என்றாராம்.

அவர் வந்து இறங்கியது பங்குனி இரண்டாம் வாரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து வீடு சேர இரவு பதினொரு மணி. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்தவர் முதலில் முற்றத்துக்குத்தான் போனார். அவர் பார்த்துப் பழகிய உயரத்தில் பாதிகூடச் செடி இல்லை. விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, குனிந்து இலைகளை விலக்கிப் பார்த்தார். நுனிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குண்டு குண்டாக வெள்ளை மொட்டுகள். முந்திய நாள்வரை அவை பச்சையாக இருந்தனவாம்.

சரம் தொடுக்க அவை போதவில்லை. ஒரு விரல் நீளந்தான் வந்தது. அதைச் சின்ன மகளின் பின்னலில் வைத்துவிட்டு அவள் என்னை அழைத்தாள். “எத்தனை பூத்தது?” என்று கேட்டேன். தொலைபேசியைத் தாயிடமிருந்து பிடுங்கி, சின்னவளே விடை சொன்னாள்.

“பதினொன்று, பெரியம்மா! நான்தான் எண்ணினேன்.”